நட்சத்திரம் இல்லாத வரியை நான் அடித்தது

பிஸ்மில்லாஹ்.

இதை எழுத உட்கார்ந்து, பேனா மூடியைக்கூடத் திறக்காமல் எழுந்து போன நாட்கள் அதிகம். ஓய்வு பெற்ற முதல் ரமலானிலேயே எழுதி முடிப்பதாக நிய்யத் வைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ரமலான் வந்து போய்விட்டது. ஒரு காரணம், நான் பத்தாவது தேறி டைப்ரைட்டிங் லோயர் முடித்தவன். நீங்கள் புள்ளியியலில் பெரிய பட்டம் வாங்கிக்கொண்டு நம் ஆராய்ச்சி யூனிட்டுக்கு வருகிறீர்கள். உங்களுக்கு நான் என்ன சொல்ல? இன்னொரு காரணம், இது என் தப்பைப் பற்றியது. அதை என் கையாலேயே எழுத மனசு வரவில்லை.

போன வாரம் வீட்டுக்காரிதான் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "நல்லபடியா முடிஞ்சதைச் சொல்ல எதுக்கு இம்புட்டு வெக்கம்? எழுதுங்க. இல்லாட்டிக் கொல்லைப்பக்கம் போயித் தேங்காய உரிங்க." தேங்காய் உரிப்பதற்கு இது பரவாயில்லை என்று தோன்றியது. எழுதுகிறேன்.

தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, காரைக்குடியில் நம் யூனிட்டில் நான் சேர்ந்தது டேட்டா என்ட்ரி வேலைக்கு. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் உயரத்தை அளந்து வருவார்கள். அதை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அந்த அளவுகளை வைத்து வளர்ச்சி வரைபடம் போடுவதுதான் அப்போது யூனிட்டின் முக்கிய வேலை. வரைபடத்தில் வயதோடு ஏறிப் போகிற கோடுகள் இருக்கும். நடுக்கோட்டுக்குக் கீழே அந்த வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேர் இருப்பார்கள். மூன்றாம் சென்டைல் கோட்டுக்குக் கீழே நூற்றுக்கு மூன்று பேர்தான் இருப்பார்கள். அப்படிக் கீழே விழுகிற பிள்ளைக்கு மஞ்சள் சீட்டு எழுதி, மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்தக் கோடு ஒரு விரற்கடை மேலே போனாலும் கீழே போனாலும் யாரோ ஒரு தாய்க்கு நிம்மதி போகும், அல்லது போகவேண்டிய நேரத்தில் போகாமல் இருந்துவிடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

யூனிட்டுக்குத் தலைவராக இருந்த டாக்டரம்மா, என் கை வேகத்தைப் பார்த்து, மாடல் ஓட்டுவதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நோட்டில் படிப்படியாக எழுதி வைத்துப் பழகினேன். மாடலில் எங்களுக்கு இரண்டு பகுதி. ஒன்று நடு உயரம் வயதோடு எப்படிப் போகிறது என்பது. மற்றது பரவல், அதாவது ஒரே வயதுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வித்தியாசப்பட்டு நிற்கிறார்கள் என்பது. இரண்டு பகுதியிலும் வயதுக்கு ஒரு ஸ்மூத்திங் உறுப்பு உண்டு. வயதோடு சேர்ந்து கோட்டை வளைத்துக் கொண்டு போவது அதுதான். ஓட்டி முடித்ததும் கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் தரும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நட்சத்திரம் இருக்கும், அல்லது இருக்காது. தற்செயலாகவே இப்படி வந்திருக்கக்கூடுமா என்பதற்குப் பி மதிப்பு என்று ஒரு எண் உண்டு; அது மிகச் சிறியதாக இருந்தால் நட்சத்திரம் விழும்.

இதற்கு முன்னால் நான் வேலை பார்த்த சர்வே ஆபீஸில், ஒரு மேலதிகாரி எனக்கு அந்தப் பட்டியலை வாசிக்கப் பழக்கியிருந்தார். "நட்சத்திரம் இல்லாத வரிக்கு இந்த ஆபீஸ்ல நாற்காலி கிடையாது" என்பார். சிவப்பு மை, அடிக்கோல், ஒரே இழுப்பு. அங்கே போட்டது நேர்கோட்டுக் கணக்கு. அங்கே அந்த வேலை எங்களைக் காலை வாரியதில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தேன். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. நம் அளவெடுக்கிற பெண்களில் மூத்தவளான லெட்சுமி எனக்கு 'ஸ்டார் பாய்' என்று பெயரே வைத்திருந்தாள்.

பெண்பிள்ளைகளுக்கான வரைபடம் போட்ட வாரம் அது. நடுப் பகுதியில் வயதுக்கு நேரே நட்சத்திரங்கள் வரிசையாக நின்றன. பரவல் பகுதியில் வயதுக்கு நேரே ஒன்றும் இல்லை. பி மதிப்பு எங்கேயோ உயரத்தில் கிடந்தது. எனக்கு யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை. சிவப்பு மையால் அடித்தேன். பரவலில் இருந்த வளைவு உறுப்பை எடுத்துவிட்டு மாடலை மறுபடி ஓட்டினேன். கோடுகள் அழகாக, ஒன்றுக்கொன்று சீராக வந்தன.

டாக்டரம்மா அப்போது சென்னையில் ஒரு கூட்டத்தில் இருந்தார்கள். போனில் கேட்டார்கள்.

"பாய், ரெடியா?"

"ரெடிம்மா. வேண்டாத ஒண்ண எடுத்துட்டேன். இப்ப சுத்தமா இருக்கு."

"நல்லது. ஒரு ஸ்கூல்ல பார்த்துட்டு பிரஸ்ஸுக்குக் கொடுத்துடுங்க."

நெற்குப்பைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒத்திகை பார்ப்பதாக ஏற்பாடு. லெட்சுமி நாலைந்து பிரதிகளை எடுத்துக்கொண்டு போனாள். நான் மறு பிரதியை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒத்திகை முடியும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. நம்மிடம் தப்பு வராது என்கிற நினைப்பு.

வியாழக்கிழமை பதினொரு மணி இருக்கும். லெட்சுமி வந்தாள். பையைக்கூட இறக்காமல் என் மேஜையில் ஒரு கத்தை மஞ்சள் சீட்டைப் போட்டாள்.

"பாய், உங்க தாளுக்கும் ஆறாப்புப் பொம்பளப் பிள்ளைகளுக்கும் எதுவும் தகராறா?"

"ஏம்மா?"

"ஒரே வகுப்புல ஏழு சீட்டு. அம்புட்டும் பதினொண்ணு, பன்னண்டு வயசு. ஒண்ணாப்புல ஒரு சீட்டுக்கூட விழல. பத்தாப்புலயும் இல்ல."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது லெட்சுமி."

"கம்ப்யூட்டரு சொல்லாது பாய். நீங்க அதுகிட்ட என்னத்தக் கேட்டீக?"

எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு என்னம்மா தெரியும் மாடலப் பத்தி" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அந்த வார்த்தைக்காகத் தவ்பா செய்கிறேன்.

அவள் கோபிக்கவில்லை. "மாடலு தெரியாது. பிள்ளைகளத் தெரியும். பத்து வருசமா அளக்குறேன். ஆறு வயசுல எல்லாம் ஒரே அச்சுல வார்த்தாப்புல நிப்பாளுக. பதினொண்ணுல ஒருத்தி எந் தோளுக்கு வந்துருப்பா, அவ கூட்டாளி எங் கக்கத்துக்குக் கீழ நிப்பா. வயசுக்கு வரப்போறவ ஒருத்தி, இன்னும் ரெண்டு வருசம் கெடக்குறவ ஒருத்தி. பதினாறுல மறுபடி ஒண்ணு சேந்துருவாளுக. உங்க தாளப் பாத்தா எல்லா வயசுலயும் ஒரே அகலமால்ல கோடு ஓடுது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கீழ ஒரு தாய் உக்காந்துருக்கு. நீங்களே வந்து சொல்லுங்க, அது பிள்ளைக்கு என்ன கோளாறுன்னு."

கீழே பெஞ்சில் சித்ரா என்கிற அந்தப் பெண் இரண்டு மகள்களோடு இருந்தது. மூத்தவள் கார்த்திகா, ஆறாம் வகுப்பு. கையில் மஞ்சள் சீட்டு. சின்னவள் பூமிகா, ஒன்றாம் வகுப்பு. தாயின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு கண்ணால் என் தாடியைப் பார்த்தது. சின்னதற்குச் சீட்டு இல்லை. கோட்டுக்கு மேலே இருந்தது.

"பாய், இவ அப்பா கத்தாருல டிரைவரு. காலைலயே போனப் போட்டுச் சொல்லிட்டேன். லீவு குடுக்காட்டியும் கெளம்பி வாரேன்னு நிக்கிறாரு. வந்தா அந்த வேலை திரும்பக் கெடைக்காது. இவளுக்கு வளத்தி நின்னுபோச்சா? என்னன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் அவருக்குச் சொல்லணும்."

கார்த்திகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் அதற்குள் அவளுக்குக் 'கால்படி' என்று பட்டம் கட்டிவிட்டார்கள் என்று லெட்சுமி என் காதில் சொன்னாள்.

"சாயங்காலம் வரைக்கும் அவரப் பொறுக்கச் சொல்லும்மா. டிக்கெட் எடுக்க வேணாம். நான் பாத்துச் சொல்றேன்" என்றேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: யா அல்லாஹ், நான் செய்ததை எனக்கு உள்ளபடி காட்டிக்கொடு, என் மானத்தைப் பார்க்காதே. திரும்பி வரும்போது மனசு லேசாக இல்லை, ஆனால் தெளிவாக இருந்தது. கோட்டுக்குக் கீழே நூற்றுக்கு மூன்று பேர் இருக்கவேண்டும் என்றால், ஒவ்வொரு வயதிலும் மூன்று பேர் இருக்கவேண்டும். இதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

எண்ணினேன். ஒரு வெள்ளைத்தாளில் வயதுவாரியாகக் கோடு கிழித்து எண்ணினேன். மொத்தப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றுக்குப் பக்கத்தில் சரியாக நின்றது. இதுதான் ஏமாற்று வேலை. பிரித்துப் பார்த்தால், ஆறு வயதில் அநேகமாக யாரும் இல்லை. பதினொன்றில் இருக்கவேண்டியதைப் போல மூன்று பங்கு. பதினாறில் மறுபடி யாரும் இல்லை. லெட்சுமி வாயால் சொன்ன வடிவம் என் தாளில் அப்படியே கிடந்தது. நான் பரவலை எல்லா வயதுக்கும் ஒன்றாக்கிவிட்டேன். அதனால் பிள்ளைகள் விரிந்து நிற்கிற வயதில் கோடு மேலே ஏறி நின்றது. நெருங்கி நிற்கிற வயதில் கீழே தொங்கியது.

அடித்த உறுப்பைத் திரும்பப் போட்டு ஓட்டினேன். இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். நட்சத்திரம் அப்போதும் வரவில்லை! அதே வரி, அதே வெறும் இடம். பதினைந்து வருடப் பழக்கம் 'அடி' என்கிறது. எண்ணிக்கை 'அடிக்காதே' என்கிறது. உறுப்பு இருக்கிற மாடலையும் இல்லாத மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தேன். உறுப்பு கூடினதற்கான அபராதத்தையும் சேர்த்துத்தான் அந்த மதிப்பெண் வரும். குறைந்தால் நல்லது. உறுப்பு உள்ள மாடலில் அது சரசரவென்று இறங்கியிருந்தது. வயதுவாரியாக மறுபடி எண்ணினேன். எல்லா வயதிலும் மூன்றை ஒட்டியே வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

உடனே அச்சகத்துக்குப் போன் போட்டேன்.

"பாய், பிளேட்டு போட்டு மெசின்ல ஏத்தியாச்சு. இப்ப ஓட்டப் போறோம்."

"ஓட்டாதீக."

"டாக்டரம்மா சொன்னாகளா?"

டாக்டரம்மாவுக்கு நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை. கூட்டத்தில் இருந்தார்கள். அதை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஓடிவிட்டால், சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடம் அத்தனையிலும் திங்கட்கிழமை அந்தத் தாள் தொங்கும். ஆறாம் வகுப்புக்கு ஆறாம் வகுப்பு கார்த்திகாக்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"நான் சொல்றேன். தப்பு என்னுது, பொறுப்பும் என்னுது. மெசின நிறுத்துங்க."

நிறுத்தினார்கள்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு டாக்டரம்மாவே கூப்பிட்டார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சிவப்பு மை, அடிக்கோல், லெட்சுமியிடம் பேசிய பேச்சு எல்லாம். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"பாய், ரயில் பாதை மேல போற பாலத்துல சைக்கிள்ல போயிருக்கீங்களா?"

"போயிருக்கேம்மா."

"இந்தப் பக்கம் ஏறுறதுக்கு முன்னாடி இருந்த உயரத்துக்கும், அந்தப் பக்கம் இறங்கினதுக்கு அப்புறம் இருக்கிற உயரத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லைன்னா பாலமே இல்லைன்னு சொல்லுவீங்களா? அந்த வரியில நீங்க பார்த்த பி மதிப்பு, முதல்லேருந்து கடைசி வரைக்கும் மொத்தமா ஒரு சாய்வு இருக்கான்னு மட்டும்தான் சொல்லும். வளைவு இருக்கான்னு அது சொல்லாது. ஸ்மூத்திங் உறுப்புக்கு அந்த வரியை வச்சுத் தீர்ப்பு சொல்லவே கூடாது. நட்சத்திரம் இருந்தாலும் அப்படித்தான். அது சாய்வுக்குக் கிடைச்ச நட்சத்திரம், வளைவு தேவைன்னு அர்த்தம் இல்ல. எடுத்துட்டு ஒரு தடவை, வச்சுட்டு ஒரு தடவை ஓட்டி, ரெண்டையும் ஒப்பிடணும். நீங்க இன்னைக்கு மத்தியானம் செஞ்சதுதான் சரியான முறை."

பிறகு சொன்னார்கள்: "நீங்க அடிச்சதைவிட, என்ன எடுத்தீங்கன்னு கேக்காம நான் தலையாட்டினது பெரிய தப்பு. புதுத் தாளை எடுத்துட்டு நாளைக்கு நீங்களே போங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே லெட்சுமியும் நானும் பஸ் ஏறினோம். வழியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க பாய். டிக்கெட்டு நீங்க எடுத்தீகள்ல, கணக்குச் சரியாப் போச்சு" என்று சிரித்தாள்.

பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளின் அளவையும் புதுத் தாளில் வைத்து மறுபடி பார்த்தோம். ஆறாம் வகுப்பின் ஏழு பேரில் ஆறு பேர் கோட்டுக்கு மேலே வந்துவிட்டார்கள். கார்த்திகா அதில் ஒருத்தி. நான் வகுப்புக்குள்ளேயே போய், எல்லாப் பிள்ளைகளும் கேட்க, "தப்பு இந்தத் தாத்தா போட்ட கோட்டுல. கார்த்திகா சரியாத்தான் வளருது" என்றேன். அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்த ஒரு வாயாடி, "அப்ப தாத்தாவுக்கு யாரு சீட்டு குடுக்குறது?" என்றது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சித்ராவைப் பள்ளிக்கூடத்துக்கே வரச்சொல்லியிருந்தோம். சொன்னதும் அங்கேயே போனை எடுத்தது. "ஏங்க, ஒண்ணுமில்லையாம். டிக்கெட்ட விட்டுருங்க. நல்லா இருக்காளாம்!" அழுகையும் சிரிப்புமாக அது பேசிக்கொண்டிருந்தபோதுதான், லெட்சுமி என் சட்டைக் கையைப் பிடித்து இங்குட்டு இழுத்தாள். அவள் கையில் ஒன்றாம் வகுப்புப் பட்டியல்.

பூமிகா கோட்டுக்குக் கீழே இருந்தாள்.

பழைய தாளில் ஆறு வயதுக்குக் கோடு கீழே தொங்கியதால் அவள் அதற்கு மேலே தப்பியிருந்தாள். புதுத் தாளில் தப்பவில்லை. லெட்சுமி குழந்தையைக் கூட்டிவந்து மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் ஒரே அளவு.

என் மனசு சொன்னது, இன்றைக்கு வேண்டாம், அந்தத் தாய் இப்போதுதான் சிரிக்கிறாள், திங்கட்கிழமை சொல்லலாம் என்று. திங்கட்கிழமை இன்னொரு காரணம் வரும். அதனால் அப்போதே சொன்னேன்.

சித்ராவின் முகம் மாறிவிட்டது. "இப்பத்தான் ஒண்ணு சரின்னீக. அதுக்குள்ள இன்னொண்ணா? உங்க தாளுக்கு எங்க வீடு ஒண்ணுதான் கெடச்சுச்சா பாய்? நேத்துத் தப்பு, இன்னைக்குச் சரின்னா நாளைக்கு என்ன சொல்லுவீக?"

நியாயமான கேள்வி. மாடல், மதிப்பெண் எதுவும் பேசவில்லை. ஒன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னேன். லெட்சுமி சொன்னது போலவே எல்லாம் ஒரே அச்சில் நின்றன. கடைசியில் பூமிகா மட்டும் அரைச் சாண் இறங்கி நின்றது.

"நேத்து நான் பிழையான இடத்துல பாத்தேம்மா. நீயே பாரு. உன் கண்ணு சொல்றத மட்டும் நம்பு."

சித்ரா பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. "போன வருசத்துச் சட்டையே இன்னும் பத்துது. நான் செலவு மிச்சம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றது. மஞ்சள் சீட்டை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டது.

மதுரையில் பார்த்ததில் குழந்தைக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். வளர்கிற வயது இன்னும் நிறைய மிச்சம் இருக்கும்போதே பிடிபட்டது நல்லதாகப் போயிற்று என்று அங்கே சொன்னார்களாம்.

அடுத்த வருடம் அதே பள்ளிக்கூடத்தில் லெட்சுமி அளந்தாள். நான் கூடப் போயிருந்தேன். உயரப் பலகையின் முன்னால் பூமிகா குதிகாலை ஒட்டிவைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. லெட்சுமி அளவைச் சொன்னாள். நான் தாளில் புள்ளி வைத்தேன். மூன்றாம் கோட்டுக்கு மேலே, தாராளமாக மேலே. "பாய், மேலயா கீழயா?" என்றாள் லெட்சுமி. தாளைத் தூக்கிக் காட்டினேன். அவள் குழந்தையை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "எறக்கி விடுங்க, இன்னொருக்கா அளங்க, நான் இன்னும் நீட்டமா நிப்பேன்" என்று அது கத்தியது. முப்பது வருட வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சம்பளம் அந்தக் கத்தல்தான். எல்லாப் புகழும் இறைவனுக்கே.

அந்த வரைபடம் இன்றைக்கும் பள்ளிக்கூடங்களில் தொங்குகிறது. நீங்கள் இனிமேல் புதிதாகப் போடுவீர்கள். வளைவு உறுப்புக்கு நேரே இருக்கிற பி மதிப்பைப் பார்த்துக் கை அரிக்கும்போது, எடுத்து ஒரு தடவை, வைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வயதைப் பிரித்துப் பிரித்து எண்ணுங்கள். அதற்கும் முன்னால், அந்தப் பிள்ளைகளைக் கையால் அளந்தவர்களிடம் போய், நீங்கள் பார்த்தது இப்படித்தானா என்று கேளுங்கள். மாடலை விட்டுவிட்டு அவர்கள் பேச்சை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. மாடலிடம் என்ன கேட்க மறந்தோம் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தச் சம்பவம் யூனிட்டில் இப்போது வேறு மாதிரி ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணியதாம், பாய் கண்டுபிடித்தாராம். என் மேல் உள்ள பிரியத்தில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் துஆ உண்டு. ஆனால் அப்படிச் சொன்னால் கேட்கிறவர் கம்ப்யூட்டரைத்தான் சந்தேகப்படுவார், தன் கையில் இருக்கிற சிவப்பு மையைச் சந்தேகப்பட மாட்டார். ஆகவே உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதை நான் எழுதியபடியே கொடுங்கள். என்னைக் காப்பாற்ற ஒரு வரியும் சேர்க்க வேண்டாம், ஒரு வரியும் எடுக்க வேண்டாம். அடித்தது நான். கண்டுபிடித்தது லெட்சுமி. இரண்டு பெயரும் இடம் மாறாமல் போய்ச் சேரட்டும்.